‘மகள் ஜார்க்கண்டிலேயே இருக்கப் போகிறேன் என்கிறாள், இது தேவ சித்தமா?’

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஓர் அம்மா நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. கணவருக்கு 63 வயது; போன வருடம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மூத்த மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறார். இளையவள் மகள், 27 வயது. வேலூரில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, படிப்பு முடிந்ததும் சேவை செய்வதாக எழுதிக்கொடுத்த பாண்டுக்காக இரண்டு வருடம் ஜார்க்கண்டில் ஒரு மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். பாண்ட் முடிந்துவிட்டது. ஊரில் வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக்குக்கென்று அறை கட்டி, டைல்ஸ் ஒட்டி, வாஷ்பேசின் வரைக்கும் வைத்துத் தயாராக இருக்கிறது. அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் பையன் ஒருவரின் வரனும் வந்திருக்கிறது. இந்த நேரத்தில்தான் மகள், “இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருக்கிறேன் அம்மா, ஆண்டவர் என்னை அங்கேதான் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்” என்கிறாள். அப்பா, “போனால் இந்த வாசல்படி மிதிக்காதே” என்று சொல்லிவிட்டார். லீவில் வந்த மகளின் ஒரிஜினல் சான்றிதழ்களை அம்மா வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது நிச்சயம் பண்ணி, கையோடு சபையில் திருமண அறிவிப்பான ஓலையையும் வாசித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்கிறார்கள்.

அவருடைய கேள்விகள் இவை: “புத்தாண்டு ஆராதனையில் நான் எடுத்த, வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையில் வந்தது எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை’க் கொடுப்பேன் என்று கர்த்தர் சொன்னாரே, அந்த முடிவு இதுதானா? பெற்றவர்கள் கண்ணீர் விட, பிள்ளை போவது எப்படித் தேவ சித்தமாகும்? கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது, ‘பிழைத்தால் இவள் உமக்குத்தான்’ என்று பொருத்தனை பண்ணினேன். அதைத்தான் இப்போது வசூல் பண்ணுகிறாரா? நான் தடுத்துப் பேசிய மாதத்தில்தான் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது, அது தண்டனையா? எங்கள் சபைப் போதகரான ஐயரை விட்டு அவளிடம் பேசச் சொல்லலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

நெஞ்சுவலியைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் பண்ணுகிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. உங்கள் கணவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வந்தது அந்த வியாதியின் விளைவு, தண்டனை அல்ல. பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார். இந்தப் பயத்தோடு நீங்கள் மகளைத் தடுத்தாலும் சரி, அனுப்பினாலும் சரி, அது பயம் எடுத்த முடிவாகத்தான் இருக்கும். அதனால் இந்தக் கணக்கை முதலில் இறக்கி வையுங்கள்.

பொருத்தனையும் அப்படித்தான். வைராக்கியமாக ஜெபித்த ஒரு தாயின் வார்த்தை அது. அதை ஆண்டவர் அற்பமாக எண்ணமாட்டார். ஆனால் அது உங்கள் பொருத்தனை. உங்கள் மகள் அதற்கு ஈடாக வைக்கப்பட்ட பொருள் அல்ல. 27 வயதில் யோசித்து, ஜெபித்து, அந்த ஊரில் இரண்டு வருடம் இருந்து பார்த்த பிறகு அவள் எடுத்திருக்கும் முடிவு அவளுடையது. அந்த மரியாதையை அவளுக்குக் கொடுங்கள். நீங்கள் பொருத்தனை பண்ணாதிருந்தாலும் அவள் இதையே சொல்லியிருக்கக் கூடும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். “மகன் அமெரிக்காவில் இருக்கிறான், கர்த்தர் ஆசீர்வதித்திருக்கிறார், ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது” என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். மகளைப் பற்றி எழுதும்போது, “இவ்வளவு தூரத்தில் இருந்தால் எங்களை யார் பார்ப்பார்கள்” என்று ஒரு பக்கம் முழுக்க அழுதிருக்கிறீர்கள். வந்திருக்கும் வரனும் அமெரிக்காதான். அந்தக் கல்யாணம் நடந்தால் மகளும் கடல் தாண்டித்தான் போவாள். கீழ்த்தளத்து கிளினிக் அப்போதும் பூட்டித்தான் கிடக்கும்.

அப்படியென்றால் தூரம் இங்கே பிரச்சினை இல்லை, சகோதரி. அமெரிக்காவுக்குப் போன பிள்ளையைப் பற்றிச் சபையில் சாட்சி சொல்ல நமக்கு வார்த்தை இருக்கிறது. ஜார்க்கண்டுக்குப் போன பிள்ளையைப் பற்றிக் கேட்டால், “பாண்ட், வேறு வழியில்லை” என்று சொல்லித் தப்பித்தோம். இப்போது பாண்டும் இல்லை, சொல்ல ஒரு காரணமும் இல்லை. இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நம் சபைகளில் ஆசீர்வாதம் என்ற சொல்லை வீடு, கார், விசா என்று ஒரு பக்கமாகவே பேசிப் பேசி, உங்களை மாதிரி உண்மையான விசுவாசிகளையே இந்த இக்கட்டில் நிறுத்தியிருக்கிறோம். அது நம் எல்லாருடைய பொறுப்பும்.

முப்பது வருடமாக மாதம் தவறாமல் மிஷனெரி காணிக்கை அனுப்புவதாகவும், நீங்கள் தாங்கும் மிஷனெரிக் குடும்பத்தின் படம் குடும்ப ஜெபம் பண்ணுகிற அறையில் மாட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஏதோ ஓர் ஊரில் ஒரு அம்மா உண்டு. இன்றைக்கு நீங்கள் படுகிற பாட்டை அவரும் பட்டிருப்பார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதிலிருந்தே இது உங்கள் மண்ணின் கதைதான். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, வேறு மொழி பேசும் தோர்ணக்கல்லுக்குப் போய், 1912-ல் அங்கேயே பேராயரானார். உங்கள் ஊர்களில் கைப்பிடி அரிசி சேர்த்த பெண்கள்தான் அந்த ஊழியத்தைத் தாங்கினார்கள். இத்தனை நாள் நீங்கள் அந்தப் பெண்களோடு நின்றீர்கள். இப்போது அனுப்பிவைத்த அம்மாக்களோடு நிற்கும்படி ஆகியிருக்கிறது. அது எத்தனை பாரம் என்று எனக்குத் தெரியும், அதை லேசாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

எரேமியாவின் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது

29:11 உங்களுக்கு வந்த வசனம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அட்டையில் ஒரு வசனம்தான் அச்சடிக்க முடியும். வேதாகமத்தில் அந்த அதிகாரம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஜனங்களுக்குப் பிடித்த செய்தியைச் சொல்கிறான். எரேமியாவோ எழுபது வருடம் என்கிறார். அதுவரைக்கும் அந்த அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், அந்தப் “பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி” அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். “அதின் சமாதானத்திலே உங்களுக்குச் சமாதானமிருக்கும்” என்பது அந்த ஏழாம் வசனம். நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் பதினோராம் வசனம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

நீங்களும் இரண்டு வருடத்தை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். காலண்டரில் நாள் அடித்துக்கொண்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளோ அந்த இரண்டு வருடத்தில் அந்த ஊரின் சமாதானத்தைத் தேட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே அதிகாரத்தைத்தான் வாசிக்கிறீர்கள், ஆளுக்கொரு வசனத்தில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

அங்கே அவளுக்கு என்ன வேலை என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கட்டுவிரியன் கடித்து, கண் இமையைத் தூக்க முடியாமல், மூச்சு நின்றுகொண்டிருந்த ஒரு பையனுக்கு விடிய விடிய மாறி மாறி, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்தியதாக அவள் போனில் சொன்னாள். நீங்கள், “நீ சாப்பிட்டாயா” என்று கேட்டீர்கள். அது அம்மா கேட்கிற கேள்விதான், தப்பில்லை. ஆனால் அந்தப் பையன் பிழைத்தானா என்று அடுத்த தடவையாவது கேளுங்கள். மகள் அதற்காகக் காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

வேலூருக்கு அவளைப் பார்க்கப் போனபோது காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியிருப்பீர்கள். தன்பாத்திலிருந்து வரும் ரயிலில் ஸ்கேன் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தி பேசுகிற குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வைத்தியத்துக்காக அவ்வளவு தூரம் வர முடிந்தவர்கள் அவர்கள். பிரசவ வலியோடும் பாம்புக்கடியோடும் அந்த ரயிலில் ஏற முடியாது. அவர்களிடத்துக்குத்தான் உங்கள் மகள் போயிருக்கிறாள்.

சுகமாக வாழ ஆசைப்படுவது பாவமா

இல்லை. உங்கள் கேள்வியில் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். மகள் பக்கத்தில் இருக்க வேண்டும், பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பது பாவமில்லை. கஷ்டமான இடமென்றால் தேவ சித்தம், வசதியான இடமென்றால் சுயநலம் என்று ஒரு பேச்சு சில கன்வென்ஷன் மேடைகளில் கேட்கிறது. அதுவும் தவறுதான். உங்கள் ஊரில் ஒரு நல்ல டாக்டர் நியாயமான பீஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் ஊழியம்தான்.

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இந்தியாவில் தங்கவே விரும்பாதவர். மிஷனெரிக் குடும்பத்தில் ராணிப்பேட்டையில் பிறந்து, இங்கத்திய பஞ்சத்தையும் வறுமையையும் பார்த்து, அமெரிக்காவில்தான் வாழ வேண்டும் என்று இருந்தவர். பிறகு அவர் திண்டிவனத்துக்கு வந்ததே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால்தான். அங்கே ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளைப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள். ஆண் டாக்டரான அவருடைய அப்பாவை உள்ளே அனுமதிக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார்; 1900-ல் திரும்பிவந்து வேலூரில் வேலையைத் தொடங்கினார். பெற்றவளுக்குச் செய்ய வந்த இடத்தில்தான் அவருக்கு அந்த அழைப்பு வந்தது. வீட்டுக் கடமையும் தேவ அழைப்பும் எப்போதும் எதிரெதிர் என்று நினைக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மகளுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. இந்தப் பகுதியை அவளுக்கு அப்படியே அனுப்பலாம். ஊழியம் என்ற பெயரைச் சொல்லிப் பெற்றவர்களைக் கைவிடுவதை இயேசு ஒத்துக்கொள்ளவில்லை. மாற்கு 7-ல் கொர்பான், அதாவது தேவனுக்குக் கொடுத்த காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை அவர் கடிந்துகொண்டார். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மாத்திரை, செக்கப், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் பேசி எழுதிவைக்க வேண்டும். அதில் அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கும் சரிபாதி பங்கு உண்டு. பெண் பிள்ளை என்பதால் முழுப் பாரமும் அவள் தலையில் விழ வேண்டியதில்லை. இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு பேரும் வீடியோ காலில் உட்கார்ந்து இதை மட்டும் பேசுங்கள். கல்யாணப் பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

சான்றிதழும் ஓலையும்

இந்த இரண்டில் நான் உறுதியாகப் பேசித்தான் ஆக வேண்டும். சான்றிதழ்கள் அவளுடையவை. 18 வயது தாண்டிய ஒருவருடைய ஆவணங்களைப் பூட்டி வைக்கப் பெற்றவர்களுக்கு உரிமை கிடையாது. அவள் புகார் கொடுக்கமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும், அந்த நம்பிக்கையில்தான் பூட்டியிருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், இது அவளுடைய அன்பை அவளுக்கு எதிராகவே பயன்படுத்துவது. அது போக, வேறு மாநிலத்தின் மருத்துவ கவுன்சில் பதிவுக்கும் மேற்படிப்பு கவுன்சலிங்குக்கும் ஒரிஜினல் கேட்பார்கள். அவள் எம்.டி. படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற நீங்களே அந்த வழியை அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், தபாலில் வேண்டாம், கையில் கொடுங்கள்.

ஓலை விஷயம் இன்னும் பெரியது. அவள் மனசில்லாமல் நிச்சயம் பண்ணி, ஊர் வாய்க்குப் பயந்து அவள் தலையாட்டட்டும் என்று திட்டமிடாதீர்கள். திருமண ஆராதனையில் இருவரிடமும் சம்மதம் கேட்பது சடங்குக்காக அல்ல. வற்புறுத்தி வாங்கிய சம்மதத்தில் நடந்த கிறிஸ்தவத் திருமணத்தை நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்க முடியும். அந்த நிலைக்குப் போனால் இரண்டு குடும்பமும் தலைநிமிர வருடக்கணக்காகும். அந்தப் பையனுக்கும் இது அநியாயம். வரன் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி, இப்போதைக்கு இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கல்யாணமே வேண்டாம் என்று மகள் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதே மாதிரியான ஊழியத்தில் மனமுள்ள பையன்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள்.

ஐயரைப் பேசச் சொல்வது நல்லதுதான். ஆனால் “அவளை மாற்றுங்கள்” என்று சொல்லி அனுப்பாதீர்கள். நீங்களும் கணவரும் முதலில் போய் உங்கள் துக்கத்தை அவரிடம் கொட்டுங்கள். அப்புறம் அவள் வரும்போது மூன்று பேரையும் சேர்த்து வைத்து அவர் கேட்கட்டும். உங்கள் கணவர் சொன்ன வாசல்படி வார்த்தையை அவரே திரும்ப எடுத்துக்கொள்ளவும் அங்கே வழி பிறக்கலாம்.

அந்த இடம் எப்படி என்று கேளுங்கள்

வேதாகமத்தில் அன்னாள் தன் பொருத்தனைப்படி மகன் சாமுவேலை விட்டுவந்த ஆலயம் அப்படியொன்றும் குறையில்லாத இடமல்ல. அங்கே ஆசாரியனாக இருந்த ஏலியின் குமாரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது. மிஷன் மருத்துவமனை என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். அவளோடு எத்தனை சீனியர் டாக்டர்கள் இருக்கிறார்கள், ராத்திரி ட்யூட்டி தொடர்ச்சியாக எத்தனை நாள் வருகிறது, வருடத்துக்கு எத்தனை நாள் லீவு, பெண்கள் தங்கும் இடத்துக்குப் பாதுகாப்பு என்ன, பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுக்கக் குழு இருக்கிறதா, மருத்துவக் காப்பீடு உண்டா என்றெல்லாம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஜார்க்கண்டில் மலேரியா உண்டு, அதற்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். இளம் டாக்டர்கள் ஆள் பற்றாக்குறையில் தேய்ந்துபோவது நடக்கிற விஷயம். தியாகம் என்று சொல்லி அதை மூடி மறைக்கக் கூடாது. மேற்படிப்பையும் பேசுங்கள். சில மிஷன் மருத்துவமனைகளில் குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்ற மேற்படிப்பைப் படிக்க முடிகிறது, மிஷன் மருத்துவமனைச் சேவைக்கு மேற்படிப்பில் ஸ்பான்சர்ஷிப் வாய்ப்பும் உண்டு. மூன்று வருடம் என்பதை ஒரேயடியாக எழுதிக்கொடுக்காமல், வருடம் முடிந்ததும் உட்கார்ந்து யோசிக்கலாம் என்று அவளே ஒத்துக்கொண்டால் உங்களுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

இந்தக் கேள்விகளைப் போனில் கேட்பதைவிட நேரில் போய்க் கேளுங்கள். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நீங்கள் அங்கே போகவில்லை. அன்னாள் வருடந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு மகனைப் பார்க்கப் போனாள். பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுத்த பிறகு அவள் தாயாக இருப்பதை விட்டுவிடவில்லை.

கணவருடைய இதய டாக்டரிடம் பயணம் பண்ணலாமா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் ரயில் அவருக்கு வேண்டாம், ராஞ்சி வரைக்கும் விமானம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே குளிர் கடுமையாக இருக்கும், பிப்ரவரி கடைசி நல்ல சமயம். அவருடைய மாத்திரைகளைப் போகிற நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, பசி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நீங்களும் ஒரு டாக்டரைப் பார்த்தாக வேண்டும், பிப்ரவரி வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள்.